ஆயத்தத் தாளமும் சொந்தக் கையும்

சில வருடங்களுக்கு முன்னர் மாணவர் போட்டியொன்றில் நடுவராக அமர நேர்ந்தது. மாணவர்கள் தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்துப் பாட வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று நடுவர்களுள் நானும் ஒருவன். சங்கீதம் முறையாகப் பயின்றவனல்லன். ‘எழுதுகிற சேர்’ என்ற ஒரே தகுதியை வைத்துத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

சாதாரண தர வகுப்பு மாணவன் ஒருவன் சிறிய கீபோட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடையேறினான். ஒரு பொத்தானை அழுத்தினான். கலியாண வீடுகளிலும் கடைத் திறப்பு விழாக்களிலும் எத்தனையோ தடவை காதில் விழுந்த அதே தாளம் ஓடத் தொடங்கியது. புள்ளித்தாளில் ‘சுயபடைப்பு’ என்ற நிரலுக்கு 25 புள்ளிகள். நான் 8 போட்டேன். அவன் முதலடியைப் பாடி முடிப்பதற்கு முன்னரே போட்டுவிட்டேன் என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். தபேலாவைக் கையால் வாசித்துப் பாடிய வேறொரு குழுவுக்கு அதே நிரலில் 21 போட்டேன். அக்குழுவே முதலிடம் பெற்றது.

விழா முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கப் போன இடத்தில் அவன் நின்றான்.

“சேர், எனக்குச் சுயபடைப்புக்கு ஏன் சேர் குறைச்ச?”

“தாளம் கீபோட்டில இருக்கிற தாளம்தானே மகன்.”

“தாளம் கீபோட்டுடதான் சேர். ஆனா வாப்பாட தோணி வராத இடத்தில நிப்பாட்டினது நான்தானே?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவன் தாளத்தை நிறுத்திய இடம் எனக்கு ஞாபகமில்லை. கேட்டிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்? கடலுக்குப் போன தகப்பனைப் பற்றியது அவனுடைய பாட்டு என்பதே அவன் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு தாளக்கட்டை எடுத்து ஒருவன் பாட்டமைத்தால் அவன் படைப்பாளியா, பாவனையாளனா? எல்லாவற்றையும் தானே உருவாக்கியவன்தான் படைப்பாளியா? இசைத்துறையில் இந்த விவாதம் நீண்ட காலமாக நடந்து வருகிறது. அதன் சில பக்கங்களைத் தேடி வாசித்தபோது, என் புள்ளித்தாள் எவ்வளவு அவசரமானது என்பது விளங்கிற்று. கவிதை, சிறுகதை விமர்சனங்களில் நாம் பாவிக்கும் அளவுகோல்களுக்கும் இதில் பாடமிருப்பதால் இச்சஞ்சிகையில் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அது நேற்றுவரை என்னுடைய வாதம்.

இன்றைய கீபோட்டில் தாளம் மட்டும் வருவதில்லை. இடது கையால் ஒரு சுரக்கூட்டைப் பிடித்தால் போதும். பேஸ், கிற்றார், ட்ரம் எல்லாம் அதற்கேற்பத் தாமாகவே வாசிக்கத் தொடங்கும். முன்னிசைக்கு ஒரு பொத்தான், சரணத்துக்கு முந்திய உருட்டலுக்கு ஒரு பொத்தான், முடிவுக்கு ஒரு பொத்தான். பாடுபவனின் பொருள் எதுவாயினும் முடிவு ஒரே முடிவுதான். மையித்து வீட்டுத் துயரத்தைப் பாடினாலும் பெருநாள் மகிழ்ச்சியைப் பாடினாலும் ஈற்றில் அதே இரண்டு தட்டுகள். சொல் தாளத்தை வழிநடத்தாமல், தாளம் சொல்லை இழுத்துச் செல்கிறது. உருட்டல் வருமிடத்தில் சொல் முடிந்துவிட வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல வரி வெட்டப்படுவதையும், தேவையற்ற ஒரு சொல் ஒட்டப்படுவதையும் நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆயத்த ஆடை எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும்; எவருக்கும் முழுதாகப் பொருந்தாது. இந்த வாதத்தில் உண்மையிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இதே வாதத்தைக் கையிலெடுத்துக்கொண்டு ஜமெய்க்காவுக்குப் போனால் அது தடுமாறுகிறது.

1981இல் ஜப்பானின் கெஸியோ நிறுவனம் எம்.டி. 40 என்ற சிறு கீபோட்டைச் சந்தைப்படுத்தியது. வீட்டில் பொழுதுபோக்காக வாசிப்போருக்கென்று செய்யப்பட்ட மலிவான கருவி. அதற்குள் ‘ரொக்’ என்ற பெயரில் ஓர் ஆயத்தத் தாளம் இருந்தது. கூடவே பேஸ் ஓட்டமும் இருந்தது. கிங்ஸ்டன் நகரில் நோயல் டேவி என்ற இளைஞரிடம் அக்கருவி ஒன்று இருந்தது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அந்தத் தாளத்தில் எதையோ கண்டார்கள். கிங் ஜமி என்ற தயாரிப்பாளரிடம் அதைக் கொண்டு சென்றார்கள். ஜமி அதன் வேகத்தைக் குறைத்தார். பியானோவையும் கைதட்டலையும் சேர்த்தார். 1985இல் ‘அண்டர் மீ ஸ்லெங் டெங்’ வெளிவந்தது.

அதுவரை ஜமெய்க்காவின் தாளங்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவில் பேஸ் கிற்றாரும் ட்ரம்மும் வைத்து மனிதர் வாசித்தவை. ஒரு விளையாட்டுப் பெட்டியில் கிடந்த தாளம் அந்த வழக்கத்தைப் புரட்டிப்போட்டது. அதே தாளத்தின் மேல் பிற்பாடு நூற்றுக்கணக்கான பாடல்கள் பாடப்பட்டன. ரெகே இசையின் கணனி யுகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று அத்துறையினர் கூறுவர். ஸ்டூடியோக்களில் வாசித்துப் பிழைத்த இசைஞர் பலருக்கு வேலை குறைந்தது என்பதும் இக்கதையின் ஒரு பகுதி. அதை மறைத்துவிட்டுப் புகழ் மட்டும் பாடுவது நேர்மையாகாது.

இங்கு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எம்.டி. 40 ஜமெய்க்காவில் மட்டும் விற்கப்பட்ட கருவியல்ல. வாங்கிய ஒவ்வொருவரின் வீட்டிலும் அதே பொத்தான் இருந்தது. அத்தனை பேரும் அதை ‘ரொக்’ என்றே கேட்டிருப்பார்கள். பெட்டியில் எழுதியிருந்த பெயரை நம்பாமல், வேகத்தைக் குறைத்தால் உள்ளே வேறொரு இசை இருக்கிறது என்று கண்டவை கிங்ஸ்டனில் இருந்த சில காதுகள். அந்தக் கேட்டல்தான் அங்கே படைப்பு. தாளத்தை அவர்கள் செய்யவில்லை. தாளத்துக்குள் இருந்த பாட்டைக் கண்டெடுத்தார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் ‘ஆயத்தமும் நன்றே’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருப்பேன். ஆனால் அப்பொத்தானுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் ஒகுடா ஹிரோகோ. டோக்கியோவின் குனிட்டாச்சி இசைக் கல்லூரியில் இசையியல் படித்து, ரெகே இசையைப் பற்றியே பட்டப்படிப்பு ஆய்வை எழுதிய இளம் பெண். 1980இல் கெஸியோவில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று எம்.டி. 40க்கான தாளங்களை அமைப்பது. ரெகேயில் ஊறிய மனத்தோடு அவர் அமைத்த ‘ரொக்’ தாளத்தைத்தான், ரெகேயின் சொந்தக்காரர்கள் கடல் கடந்து இனங்கண்டார்கள். அதை ஒரு தற்செயல் என்று மட்டும் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

நாம் ‘ஆயத்தம்’ என்று இளக்காரமாகச் சொல்வது யாரோ ஒருவரின் சொந்தப் படைப்பு. இயந்திரம் தானாகத் தாளம் போடவில்லை. ஒரு பெண் உட்கார்ந்து, கேட்டு, திருத்தி அமைத்தார். அவரும் வெறுமையிலிருந்து எடுக்கவில்லை. எழுபதுகளில் தான் கேட்ட பிரித்தானிய ரொக் இசையின் சாயல் அதில் இருப்பதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆக, சங்கிலியின் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் அதற்கு முந்திய கண்ணி ஒன்று இருக்கிறது.

இப்போது மறுபக்கம். ‘ஆயத்தத் தாளம் வேண்டாம், நானே அமைக்கிறேன்’ என்பவருக்காக வந்த கருவிகளுள் புகழ்பெற்றது றோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட ரி.ஆர். 808. அதன் முகப்பில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒரு தாளவட்டத்தைப் பதினாறாகப் பிரித்து, எந்த இடத்தில் பேஸ் ட்ரம் விழ வேண்டும், எந்த இடத்தில் ஸ்னெயார் விழ வேண்டும் என்று பாவிப்பவரே குறிக்கலாம். 1983 வரைதான் அதைத் தயாரித்தார்கள். விற்பனையில் பெரிய வெற்றியில்லை. பழைய சாமானாக மலிவாகக் கிடைத்த பின்னர்தான் ஏழை இளைஞர் பலரின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது.

அக்கருவியின் புகழைப் பரப்பியவற்றுள் முக்கியமானது 1982இல் நியூயோர்க்கிலிருந்து வந்த ‘பிளனெட் ரொக்’. அதன் தாளம் பொத்தானில் இருந்ததல்ல, அமைக்கப்பட்டது. ஆனால் எதைப் பார்த்து அமைக்கப்பட்டது? ஜேர்மனியின் கிராஃப்ட்வேர்க் குழு 1981இல் வெளியிட்ட ‘நம்பர்ஸ்’ என்ற உருப்படியின் தாளத்தைப் பார்த்து. மெட்டோ அதே குழுவின் 1977ஆம் ஆண்டு உருப்படியான ‘ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ஸிலிருந்து வந்தது. கையால் ஒவ்வொரு தட்டாகக் குறித்தும், குறிக்கப்பட்டது இன்னொருவருடைய தாளமே. அப்படியிருந்தும் ‘பிளனெட் ரொக்’ கிராஃப்ட்வேர்க்கின் நகலாகத் தோன்றவில்லை. நகரத்துக் கறுப்பின இளைஞரின் நடனமாக அது மாறியிருந்தது.

ஆகவே பொத்தானை அழுத்தியவர் படைக்கவில்லை, தட்டுத் தட்டாகக் குறித்தவர் படைத்தார் என்ற கணக்குச் சரிவராது. பதினாறு பொத்தான்கள் என்ற சட்டகமே ஆயத்தமானதுதான். அதற்குள் அடங்காத தாளத்தை அந்தப் பெட்டியில் எழுதுவது சிரமம்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நமது யாப்பு. உமறுப்புலவர் பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணத்தைப் பாடியபோது விருத்தத்தைக் கண்டுபிடிக்கவில்லை. நாட்டுப்படலம், நகரப்படலம் என்ற காப்பிய ஒழுங்கையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் தமிழில் ஆயத்தமாக இருந்தவை. அரபு நாட்டு வரலாற்றைப் பாட வந்தவர் தமிழ் நாட்டு வளத்தோடு தொடங்கினார். அதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு. ஆயினும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் அந்தப் பழைய வார்ப்புக்குள் ஒரு புதிய பொருள் வந்து குடியேறியது. வார்ப்பு இரவல்தான். குடியேற்றம் அவருடையது.

மறுபுறம், யாப்பை உடைத்துக்கொண்டு வந்த புதுக்கவிதையைப் பாருங்கள். எந்த ஆயத்தமும் வேண்டாம் என்றுதான் அது புறப்பட்டது. இன்று எமது சஞ்சிகைகளுக்கு வரும் கவிதைகளில் எத்தனை ஒரே பொத்தானில் ஓடுகின்றன? நான்கு வரி வர்ணனை, ஓர் ‘ஆனாலும்’, ஈற்றில் ஒரு திடுக்கிடல். நிலவு, சருகு, சிறகு, மௌனம் என்ற அதே நான்கு வாத்தியங்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன், பிரசுரமும் ஆகியிருக்கிறது. அப்போதெல்லாம் எனது சுயபடைப்புக்கு எவரும் 8 புள்ளி போடவில்லை.

இனிக் கடன் பற்றிய விடயம். இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாட்டமைப்பது மற்றொரு முறை. 1969இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ‘ஆமென் பிரதர்’ என்ற உருப்படி இருந்தது. அதன் நடுவில் ஏனைய வாத்தியங்கள் ஓய, கிரெகரி கோல்மன் என்பவர் தனியாக ட்ரம் வாசிக்கிறார். நான்கு தாளவட்டங்கள், ஏறத்தாழ ஏழு வினாடிகள். இந்த ஏழு வினாடிகள் பிற்பாடு ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டன. தொண்ணூறுகளின் பிரித்தானியாவில் ‘ஜங்கிள்’ என்றும் ‘ட்ரம் அண்ட் பேஸ்’ என்றும் வளர்ந்த இசை வகைகள் பெருமளவில் இதன் மேல் எழுந்தவை.

அங்கு சிறந்தவர்கள் செய்தது வெறும் ஒட்டு வேலையன்று. அந்தத் துண்டைத் தனித்தனித் தட்டுகளாக நறுக்கி, இடம் மாற்றி, வேகத்தைக் கூட்டி, கோல்மன் ஒருபோதும் வாசித்திராத தாளங்களை அவருடைய தட்டுகளைக் கொண்டே கட்டினார்கள். பழைய வீட்டின் செங்கல்லைக் கொண்டு புதிய வீடு கட்டியதற்கு ஒப்பானது அது. ஆனால் செங்கல்லுக்குக் காசு கொடுத்தார்களா? இல்லை. கோல்மன் 2006இல் காலமானபோது வறியவராக, இருக்க வீடற்றவராக இருந்தார். அத்தட்டுகளுக்காக அவருக்கு எதுவும் கிடைத்ததில்லை. 2015இல் இரசிகர்கள் பணம் திரட்டிக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு ஏறத்தாழ 24,000 பவுண் வழங்கினார்கள். வாசித்த கைக்கு அது போய்ச் சேர வழியிருக்கவில்லை.

கெஸியோவின் பொத்தானும் கோல்மனின் ஏழு வினாடிகளும் ஒன்றல்ல என்பதை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். முன்னையது பாவிப்பதற்கென்றே விற்கப்பட்டது. பின்னையது கேளாமல் எடுக்கப்பட்டது. இன்றைய மென்பொருள்களில் வரும் துண்டுகள் முதல் வகையைச் சேர்ந்தவை. அப்பிள் நிறுவனத்தின் கராஜ்பாண்ட் 2004இல் வந்தது. அதிலிருந்த ஓர் ஆயத்த ட்ரம் துண்டின் மேல்தான் 2007இல் ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’ எழுந்தது. அந்த மென்பொருளை வைத்திருந்த எவரும் அதே துண்டைத் தொட்டுக் கேட்டிருக்க முடியும். பிரித்தானியாவில் பத்து வாரங்கள் முதலிடத்தில் நின்ற பாட்டை அதிலிருந்து எடுத்தவர்கள் ஒரு சிலரே. குடையைக் குறிக்கும் சொல்லின் கடைசிப் பகுதியை நறுக்கி, அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்த உத்தி அவர்களுடையது. ட்ரம் துண்டில் அது இருக்கவில்லை. சட்டப்படி அவர்கள் எவருக்கும் கடன்பட்டவரல்லர். ஆனாலும் அந்தத் துண்டை ஆதியில் வாசித்த கை யாருடையது என்று கேட்டுப் பார்ப்பது விமர்சகனின் கடமை என்றே கருதுகிறேன்.

மேலே சொன்னவற்றிலிருந்து நான் வந்தடையும் முடிவு இதுதான். தாளம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு பாட்டின் சுயத்தை அளக்க முடியாது. எடுத்தவன் அதை எவ்வளவு கேட்டான் என்பதை அளக்க வேண்டும். கேட்டவன் எதையாவது மாற்றுவான்: வேகத்தைக் குறைப்பான், துண்டாக்குவான், ஓரிடத்தில் நிறுத்துவான். கேளாதவன் பொத்தானை அழுத்திவிட்டு அதன்மேல் சொற்களைக் கொட்டுவான். கேளாதவன் கையால் வாசித்தாலும் அதே கதிதான். அத்துடன் எடுத்தவன் எடுத்ததைச் சொல்ல வேண்டும். நமது மூத்தோர் பாட்டுப் புத்தகங்களில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று தலைப்பின் கீழ் அச்சிட்டார்கள். நாங்கள் அதைக் கேலி செய்தோம். அது வெட்கமற்ற நகல் என்று நினைத்தோம். இப்போது பார்த்தால் அது நாணயமான கடன் பத்திரம்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு ‘எல்லாவற்றையும் நீயே செய்’ என்று சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. வகுப்பில் முதலில் கொப்பி எழுத்துத்தான் எழுத வைக்கிறோம். பிள்ளையின் கையெழுத்து அதற்குள்ளிருந்துதான் மெல்ல வளைந்து வெளியே வருகிறது. ஆனால் பத்தாம் வகுப்பிலும் கொப்பி எழுத்தே எழுதிக்கொண்டிருந்தால் அது பிள்ளையின் தவறு மட்டுமல்ல. எந்த இடத்தில் வளைந்தது என்று பார்த்துச் சொல்ல ஒரு வாத்தியாரும் இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டைப் பின்னர் நான் முழுதாகக் கேட்டேன். யாரோ கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தார்கள். கீபோட் தாளம் இரண்டு சரணங்கள் வரை இரைச்சலாக ஓடுகிறது. மூன்றாம் சரணத்தில் விடிந்தும் தோணி கரைக்கு வரவில்லை என்ற இடம். தாளம் சட்டென்று நிற்கிறது. முடிவுப் பொத்தான் அழுத்தப்படவில்லை. அந்த இரண்டு தட்டுகள் இல்லை. சபையில் யாரோ இருமுவது கேட்கிறது. பிறகு அவனுடைய குரல் மட்டும், தாளமில்லாமல், கொஞ்சம் சுருதி விலகி. கடைசி வரை அவன் தாளத்தைத் திரும்பவும் ஓடவிடவேயில்லை. அவ்வளவு நேரமும் அந்தக் கலியாண வீட்டுத் தாளம் எதற்காக ஓடிற்று என்பது அது நின்ற பிறகுதான் எனக்கு விளங்கியது.

நான் 21 புள்ளி கொடுத்த குழுவின் பாட்டையும் அதே பதிவில் கேட்டேன். தபேலா அழகாகத்தான் வாசிக்கப்பட்டிருந்தது. மெட்டு ஒரு பழைய சினிமாப் பாட்டினுடையது. மேசையில் இருந்த மூவரில் ஒருவருக்கும் அது அன்று உறைக்கவில்லை. கை வாசித்தது, ஆகவே சொந்தம் என்று முடிவுகட்டியிருந்தோம். அக்குழுவின் பிள்ளைகளை நான் குறைசொல்லவில்லை. ஆயத்தமான ஓர் அளவுகோலை எடுத்துக் கேளாமல் பாவித்தவர்கள் நாங்கள். நடுவர் மேசையில் அன்று பொத்தானை அழுத்தியவன் நான்.

அடுத்த வருடம் அவன் போட்டிக்கு வரவில்லை. பரீட்சை வருடம் என்று சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். புள்ளித்தாள் எப்போதோ கோவைக்குள் போய்விட்டது. அதைத் திருத்த இப்போது வழியில்லை. இந்தக் கட்டுரை ஒரு திருத்தமாக அமையுமானால் மகிழ்வேன். இப்போதும் எப்போதாவது நடுவராக என்னை அழைக்கிறார்கள். பாட்டு முடியும்வரை பேனையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.